கரைக்கு ஒரு முறை, வயலுக்கு ஒரு முறை

உலகத்தில் நடந்த பெரிய கொல்ஃப் போட்டிகள் அத்தனையையும் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, ஒன்றிலாவது யார் வென்றார் என்று தெரியாமல் இருந்த ஒரே மனிதர் முரசுமோட்டையில்தான் இருந்தார். இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அரசாங்கக் கந்தோர் வேலைக்கு வந்து, அவருடைய வீட்டுப் பின்னறையில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தவன் நான்.

"அண்ணை, ஆர் வெண்டது?" என்று கேட்பேன்.

"அதை விடும் தம்பி. பதினொராம் குழியடியில புல்லைப் பாத்தீரோ? விடியக் காலமை ஈரத்தோட வெட்டியிருக்கிறாங்கள், மடையன்கள்."

ஊர் அவருக்கு வைத்த பெயர் புல்லண்ணை. பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதைத் தபால்காரர் மட்டும் அறிவார். நாடு கெட்டுக் கிடந்த காலத்தில் வெளிக்கிட்டுப் போய், ஸ்கொட்லாந்தில் கடற்கரையோரக் கொல்ஃப் மைதானம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் புல் வெட்டியவர். பிறகு மனைவி திரேசக்காவோடு தகப்பனின் காணிக்கே திரும்பி வந்துவிட்டார். வரும்போது அவர் கொண்டுவந்த சொத்து ஒரு கொல்ஃப் தடி, ஒரு பிஸ்கட் தகர ரின் நிறையப் பந்து, ஒரு புல்லு வெட்டும் கத்தரிக்கோல்.

முரசுமோட்டை நெல் விதைக்கிற ஊர். அங்கே மனிதர் பிறப்பதே வயலில் புல்லுப் பிடுங்கத்தான். அந்த ஊருக்குள் ஒருவர் வந்து, புல்லை வளர்ப்பதற்கு மாதாமாதம் சம்பளம் வாங்கினேன் என்று சொன்னால் சனம் என்ன நினைக்கும்? பக்கத்து வளவு சின்னத்துரையண்ணை நல்ல மனிதர், அயலில் கஷ்டம் என்றால் முதலில் ஓடிவருபவர். புல்லண்ணையின் முற்றத்தில் பாய் அளவுக்குப் பச்சைப்பசேல் என்று புல் எழும்பியதைக் கண்டதும் மருந்தடிக்கிற தாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு வேலியடியில் வந்து நின்றார்.

"என்னடாப்பா, வீட்டு வாசல் வரைக்கும் வந்திட்டுது. ஒருக்கா மருந்தடிச்சு விடட்டோ?"

புல்லண்ணை கத்தரிக்கோலோடு எழும்பி நின்ற நிலையைப் பார்த்து நான் இடையில் பாய்ந்தேன். இல்லாவிட்டால் அன்றைக்கு ஊரில் ஒரு உயிர் போயிருக்கும்.

அவரிடம் இன்னொரு விசேஷம். அந்தக் கொல்ஃப் தடியால் அவர் ஒரு பந்தைக்கூட அடித்ததை யாரும் கண்டதில்லை. ஸ்கொட்லாந்திலும் அடிக்கவில்லையாம். ஏன் என்று கேட்டதற்கு, "அடிச்சால் புல்லுக்கு நோகும்" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை, முகம் உண்மையாகவே வாடியிருந்தது.

சனி, ஞாயிறு பின்னேரங்களில் அந்த வீட்டு ரீவிக்கு முன்னால் நடக்கும் சண்டைக்கு நான் நிரந்தரச் சாட்சி. கொல்ஃப் மைதானத்தில் இரண்டு வகை உண்டு என்பதை நான் கற்றதும் அங்கேதான். ஒன்று கடற்கரையோரம். மரமே இல்லை, மணற்பிட்டி, கட்டைப் புல், எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்று தெரியாத காற்று. மற்றது உள்நாடு. சுற்றிவர மரம், நடுவில் குளம், மெத்தைபோலப் புல். பெரிய போட்டியை வைக்க எது சரியான இடம் என்பதுதான் வழக்கு. வயற்காட்டில் பிறந்த புல்லண்ணை உள்நாட்டுக் கட்சி. முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்த திரேசக்கா கரைக் கட்சி.

"காத்தில்லாத இடத்தில ஆரும் அடிப்பினம்" என்பார் அக்கா, குசினியில் இருந்தபடியே. "உங்கட குளத்தடியில நிண்டு அடிக்கிறது ஒரு அடியே?"

"கரையில என்னத்தைக் கண்டனீர்? மொட்டை மணல். எழும்பிற புல்லும் உப்புக்குக் கருகிப்போம்."

"அந்தக் கருகின புல்லைத்தானே இருவது வருசம் வெட்டிச் சாப்பிட்டனீங்கள்!"

அதோடு வழக்குத் தள்ளுபடியாகும். தேநீர் வரும். எனக்கு இதில் ஒரு கட்சியும் இல்லை, தேநீரோடு வருகிற வடையின் பக்கம்தான் நான்.

ஆனால் அந்த வீட்டில் கவனிக்க இன்னொரு விஷயம் இருந்தது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதி அவர்களுடைய வாசல் படலையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. காலை எட்டு மணிக்குப் பிறகு முல்லைத்தீவு பஸ் வரும். அந்த நேரம் பார்த்துத் திரேசக்கா படலையடிச் செவ்வரத்தைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். மழை பெய்தாலும் ஊற்றுவார். பஸ் போன பிறகு வாளி வெறுமையாக உள்ளே வரும். ஏறிப் போனால் ஒன்றரை மணித்தியாலத்தில் பிறந்த வீடு. ஒருநாளும் ஏறியதில்லை. ஏனென்று கேட்கும் தைரியம் எனக்கு அப்போது வரவில்லை.

இப்படி இருக்கையில், ஒரு காலபோக அறுவடை முடிந்து வயலெல்லாம் அறுத்த தாளின் வெறும் ஒட்டாகக் கிடந்தபோது, புல்லண்ணை ஊரைக் கூட்டிவைத்து அறிவித்தார்: முரசுமோட்டையில் கொல்ஃப் சம்பியன் போட்டி. ஆறு குழி. ஆகக் குறைந்த அடியில் முடிப்பவருக்குப் பரிசு ஒரு சில்வர் குடம். செயலாளர் நான். இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

குழி என்றால் நாலேகால் அங்குலம், ஒரு நூல் கூடக்கூடாது, குறையக்கூடாது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மீன் ரின்னை இறக்கினார். வன்னியில் ஒரு மனிதன் வெறும் வயலில் அளந்து அளந்து ஆறு குழி வெட்டினால் சும்மா விடுவார்களா? சண்டைக் காலத்துப் புதையல் கிண்டுகிறார்கள் என்று யாரோ சொல்லி, மறுநாளே பொலிசார் இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். புல்லண்ணை அவர்களை ஆறு குழிக்கும் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொன்றின் ஆழ அகலத்தையும் வெயிலில் வைத்து விளங்கப்படுத்தினார். நாலாவது குழியோடு அவர்களுக்குப் புதையலில் இருந்த ஆசை விட்டுப்போனது.

போட்டியில் பதினாறு கமக்காரர் இறங்கினார்கள். உண்மையான தடி ஒன்றுதான். மற்றதெல்லாம் மண்வெட்டிப் பிடியில் மரக்கட்டை அறைந்து செய்தவை. எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. ஆனால் ஒருவராவது பந்தை அடித்தால்தானே? பந்துக்குப் பக்கத்தில் போய் நிற்பார்கள், குனிவார்கள், பந்தைச் சுற்றிக் கிடக்கிற புல்லைப் பிடுங்குவார்கள். பிடுங்கி, மண்ணை உதறி, வரம்பில் எறிந்துவிட்டுத்தான் தடியை எடுப்பார்கள். பரம்பரைப் பழக்கம், கை தானாகப் போகிறது.

"புல்லிலை கை வைக்கப்படாது! அது குற்றம்! ஒரு அடி கூடப் போடுவன்!" என்று புல்லண்ணை வரம்பு வரம்பாக ஓடிக் கத்தினார்.

"பின்னை, கண்ணுக்கு முன்னால நிக்கிற புல்லை விட்டிட்டுப் போறதோ? நாளைக்கு விதைச்சுக் கிடக்கும்!" என்றார் சின்னத்துரையண்ணை. அவருக்கு மட்டும் புல்லுப் பிடுங்கிய குற்றத்துக்கு ஒன்பது அடி கூடியது. அப்படியும் அவர்தான் வென்றார். மற்றவர்கள் அவரைவிடக் கூடப் பிடுங்கியிருந்தார்கள்.

குடத்தைத் தூக்கிக் கொடுத்த கையோடு புல்லண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குண்டைப் போட்டார்.

"அடுத்த போட்டி கடற்கரையில. உலகச் சட்டம் அப்பிடி. ஒருக்கா உள்நாடு எண்டால் மற்றதரம் கரை. மாறி மாறித்தான் வைக்க வேணும்."

சனம் குழம்பிவிட்டது. எங்கட வயலில் வென்ற குடம் எதற்காகக் கடலுக்குப் போக வேண்டும்? சின்னத்துரையண்ணை குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். புல்லண்ணை அமைதியாகச் சொன்னார்:

"தண்ணி முறை மாதிரித்தான்."

அவ்வளவுதான், கூட்டம் அடங்கிவிட்டது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் அந்த ஊருக்கு முறை வைத்துத்தான் வரும். இன்றைக்கு உன் வயல், நாளைக்கு அவன் வயல். முறை தவறி மடை திறந்தவன் வீட்டுக் கலியாணத்துக்கு ஊர் போகாது. உலகச் சட்டமும் அதுதான் என்றால் யார் எதிர்த்துப் பேசுவது? சின்னத்துரையண்ணை குடத்தை இறக்கி வைத்தார்.

"எந்தக் கரை?" என்று யாரோ கேட்டார்கள்.

"என்ர மனுசியின்ர ஊர்தான். மாதா கோயிலுக்குப் பின்னால ஒரு வெளி கிடக்கு. நான் கண்ட இடத்திலயே திறம் இடம் அது. காணி சம்மாட்டியாருக்குச் சொந்தம்" என்றார் புல்லண்ணை.

தேநீர்த் தட்டோடு நின்ற திரேசக்கா தட்டோடேயே குசினிக்குள் போய்விட்டார். சம்மாட்டியார் என்பவர் கரைவலை வைத்திருக்கும் முதலாளி. திரேசக்காவின் ஒரே தமையன்.

அன்றைக்குத்தான் அக்கா எனக்குச் சொன்னார். மீனை வெட்டிக்கொண்டே, என்னைப் பாராமல்.

"அம்மா செத்த நேரம் என்னால வரேலாமல் போச்சுத் தம்பி. விசாப் பத்திரம் ஒண்டும் கையில இல்லை. வெளிக்கிட்டால் திரும்பி உள்ளுக்கு விடமாட்டாங்கள். அண்ணை தனியத்தான் குழிக்குள்ள இறக்கினவர். நான் வரேல்லை எண்டதுதான் அவருக்குக் கோவம். இஞ்ச வந்த பிறகு ஒருக்காப் போனனான். கண்டவுடனே வலையைத் தூக்கித் தோளில போட்டுக்கொண்டு கடலுக்குப் போட்டார். நான் பொழுது சாயுமட்டும் இருந்தன். அவர் வரேல்லை."

செவ்வரத்தைக்கு ஏன் மழையிலும் தண்ணீர் ஊற்றுகிறார் என்று அப்போது எனக்கு விளங்கியது. வடை விருப்பமில்லை என்று சொன்னது அந்த வீட்டில் அன்றைக்கு ஒருநாள்தான்.

செயலாளர் என்ற முறையில் நான் சம்மாட்டியாருக்குக் கடிதம் எழுதினேன். "தங்கள் காணி உலகத் தரம் வாய்ந்த கரையோரப் போட்டி மைதானமாகத் தெரிவு செய்யப்பட்டிருப்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம்." பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன். அதற்கும் இல்லை. கடைசியில் புல்லண்ணை என்னை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு நேரே போய்விட்டார்.

சம்மாட்டியார் கரையில் மீன் வாடிக் கொட்டிலடியில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் மலை. எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, இரண்டு அடி தூரத்தில் நிற்கிற மச்சானை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்:

"தம்பி, உவர் என்னத்துக்கு வந்தவராம்?"

புல்லண்ணையும் என்னைப் பார்த்தே சொன்னார்: "தம்பி, போட்டிக்கு இடம் கேக்க வந்தனான் எண்டு சொல்லும்."

"கேட்டது போதுமாம், போகச் சொல்லும்."

இப்படி இரண்டு பேரும் ஒருவர் மூச்சு மற்றவருக்குப் படுகிற தூரத்தில் நின்றுகொண்டு என் வழியாகக் கதைத்தார்கள். நான் வாயே திறக்கவில்லை, தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். கழுத்து இரண்டு நாள் நொந்தது.

புல்லண்ணை போகிறமாதிரித் திரும்பினார். திரும்பியவர், கடலுக்கே கேட்கிறமாதிரி என்னிடம் சொன்னார்: "நான் அப்பவே சொன்னனான் தம்பி. கரையில இது சரிவராது. குழி வெட்டினால் மணல் சரிஞ்சுபோம். இவையால ஏலாது. உள்ளுக்கே வைப்பம்."

"ஆருக்கு ஏலாது?" என்றார் சம்மாட்டியார். வலை கையிலிருந்து விழுந்துவிட்டது. "தம்பி, உவரிட்டைச் சொல்லும்! ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லும், அண்டைக்குத்தான் நாங்கள் கடலுக்குப் போறேல்லை. பூசை முடிஞ்ச பிறகு. ஆனால் ஒண்டு, வலை காயிற இடத்தில ஒருத்தரும் கால் வைக்கப்படாது!"

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் முரசுமோட்டையே ஒரு சின்ன பஸ்ஸில் அடைந்துகொண்டு கடற்கரைக்குப் போனது. திரேசக்கா வரமாட்டேன் என்றுதான் நின்றார். புல்லண்ணை ஒன்றும் கெஞ்சவில்லை. "அப்ப குடத்தை ஆர் மடியில வச்சுக்கொண்டு வாறது? உவங்கள் நெளிச்சுப்போடுவாங்கள்" என்றார். அக்கா குடத்தோடு ஏறினார். போய்ச் சேர்ந்த பிறகு இறங்கவில்லை. பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் குடத்தைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார். சம்மாட்டியார் ஒருமுறை பஸ்ஸைப் பார்த்தார், பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கரைக் கட்சி சொன்னது எவ்வளவு உண்மை என்று அன்றைக்குக் கண்டோம். சோளகக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடித்தது. வயலில் சூரர்களாக நின்றவர்களின் பந்தெல்லாம் எழும்பினது எழும்பினபடி கடலுக்குள் போய் விழுந்தன. மீனவர்களோ ஒரு பிடி மணலை மேலே எறிந்து பார்த்துவிட்டு, நேர் எதிர்ப்பக்கமாக அடித்தார்கள். பந்து வளைந்து வந்து குழியடியில் இருந்தது. புல்லுப் பிடுங்கவும் அங்கே புல் இல்லை. சின்னத்துரையண்ணை கை வைக்க ஒன்றுமில்லாமல் தவித்துப்போனார்.

தவிப்பில் ஓங்கி அடித்த அடிதான் வினையானது. பந்து நேராகப் போய், வெயிலில் விரித்துக் கிடந்த கரைவலைக்கு நடுவில் விழுந்தது. எடுக்க ஓடியவரைச் சம்மாட்டியார் மறித்தார்.

"நில்லும்! வலைக்குள்ள வந்தது வலைக்காரனுக்கு. கடல் தொடங்கின நாளிலயிருந்து அதுதான் சட்டம்."

"இதென்ன அநியாயம்! அது என்ர பந்து!"

"ஓம், விழுகிறதுக்கு முன்னம் உம்மடை."

கமக்காரர் ஒரு பக்கம், மீனவர் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள். எல்லாக் கைகளிலும் தடி வேறு இருந்தது. உலகச் சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லாரும் புல்லண்ணையைப் பார்த்தார்கள். அவரோ பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரேசக்கா இறங்கி வந்தார். குடத்தை என் கையில் தந்தார். செருப்பைக் கழற்றினார். சம்மாட்டியாரைத் தாண்டி, ஒருவரும் கால் வைக்கக்கூடாத அந்த வலைக்குள் நடந்தார். மிதப்புக்கட்டைக் கயிற்றோரமாக, ஒரு கண்ணியும் காலில் சிக்காமல் நடந்தார். வலை வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் அப்படி நடக்க வரும். பந்தை எடுத்து இந்தப் பக்கம் எறிந்துவிட்டுக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. வலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார்.

"அண்ணை," என்றார், தலை நிமிராமல். "இதில நாலு கண்ணி அறுந்து கிடக்கு. பாக்கேல்லையே?"

சம்மாட்டியார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அவாவிட்டைச் சொல்லும்..." என்று தொடங்கினார். பிறகு என்னை விட்டுவிட்டு நேராகத் தங்கையைப் பார்த்துச் சொன்னார்:

"ஊசி வீட்டை கிடக்கு, திரேசு. அம்மான்ர பெட்டிக்கை. போய் எடு."

திரேசக்கா எழும்பி வீட்டை நோக்கி நடந்தார். பாதி வழியில் நடை ஓட்டமாகிவிட்டது. சம்மாட்டியார் பின்னாலேயே போனார்.

நான் புல்லண்ணையைத் தேடினேன். அவர் தள்ளி, புல்லே இல்லாத மணலில் தனியாக நின்றார். பிஸ்கட் ரின்னிலிருந்து ஒரு பந்தை எடுத்து வைத்தார், தடியை ஓங்கினார், அடித்தார். வாழ்க்கையில் முதல் அடி. பந்து காற்றோடு எழும்பி நடுக்கடலில் விழுந்தது.

"எங்க போச்சு தம்பி?"

"கடலுக்கை, அண்ணை."

"நல்லது" என்றார்.

அன்றைக்கு யார் வென்றது என்று எனக்குத் தெரியாது. போட்டியை ஒருவரும் முடித்ததாக ஞாபகம் இல்லை. குடத்தில் மீன்குழம்பு இருந்தது மட்டும் ஞாபகம். பந்தியில் சம்மாட்டியார் அகப்பையோடு வந்து, மச்சானின் தலைக்கு மேலாக என்னிடம் கேட்டார்: "தம்பி, உவருக்கு இன்னும் கொஞ்சம் விடட்டோ எண்டு கேளும்." பதிலுக்குக் காத்திராமல் இரண்டு அகப்பை விட்டார்.

நாலு நாள் கழித்துக் கந்தோரில் வேலை இல்லாத நேரம் கைபேசியில் தேடிப் பார்த்தேன். மாறி மாறி வைக்க வேண்டும் என்று உலகத்தில் எங்கேயும் சட்டமில்லை. ஆகப் பழைய பெரிய போட்டியை எப்போதும் கரையோரத்தில்தான் வைப்பார்களாம். உள்நாட்டுப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டார்களாம். அந்தக் கரைப் புல்லை இருபது வருடம் வெட்டிய மனிதருக்கு இது தெரியாமலா இருக்கும்? பின்னேரம் நேரே முற்றத்துக்குப் போனேன். அவர் முழங்காலில் நின்று புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அப்பிடி ஒரு சட்டமே இல்லையே."

கத்தரிக்கோல் நிற்கவில்லை. "அது அவையின்ர போட்டி. இது எங்கட" என்றார். பிறகு, புல்லைப் பார்த்தபடியே சொன்னார்: "காலமையில அந்த பஸ் போகேக்கை அவள் படலையடியில நிக்கிறதை எத்தினை நாளைக்குத் தம்பி நான் பாத்துக்கொண்டிருக்கிறது?"

புல்லைத் தவிர இந்த மனிதருக்கு உலகத்தில் எதுவும் கண்ணில் படாது என்று நான் நினைத்திருந்தேன்.

இப்போது நான் மாற்றலாகி ஓமந்தைப் பக்கம் வந்துவிட்டேன். போட்டி முறை தவறாமல் நடக்கிறதாம். போன தடவை வயலின் முறைக்குச் சம்மாட்டியார் ஒரு கூடை மீனோடு முரசுமோட்டைக்கு வந்து, மச்சானிடம் முதன்முதலாக நேரே வாய் திறந்திருக்கிறார். "உங்கட புல்லு கொஞ்சம் வளந்து போச்சு" என்றாராம். புல்லண்ணை அதை எனக்குத் தொலைபேசியில் மூன்று தரம் சொன்னார். திரேசக்கா மாதத்தில் இரண்டு தரம் அந்த பஸ்ஸில் ஏறிப் போகிறார். செவ்வரத்தை தண்ணீர் இல்லாமல் வாடிவிட்டதாம். "வாடட்டும்" என்றார் புல்லண்ணை.

முல்லைத்தீவுப் பக்கம் போகிற வாசகர்கள் யாரும் தயவுசெய்து அந்தச் சட்டத்தைப் பற்றிச் சம்மாட்டியாரிடம் வாய் விட்டுவிடாதீர்கள். அடுத்தது கரையின் முறை.